கடவுளைப் பற்றிப் பேசி முடித்த பிறகு: மனிதநேயக் குழு நடத்துவோருக்குச் சில யோசனைகள்

மதத்தைச் சாராமல், மனித அறிவையும் அக்கறையையும் நம்பி வாழ நினைப்பவர்கள் சேர்வதுதான் மனிதநேயக் குழு. புதிதாக அப்படி ஒன்றைத் தொடங்குகிறவர்கள் முதல் கூட்டத்துக்குப் பெரும்பாலும் ஒரே தலைப்பைத்தான் வைக்கிறார்கள்: கடவுள் உண்டா, இல்லையா? ஆட்கள் நன்றாகச் சேருவார்கள். அடுத்த மாதம் அதே தலைப்பு வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும். மூன்றாவது மாதம், எல்லோரும் ஏற்கெனவே ஒத்துக்கொண்ட விஷயத்தை ஒருவருக்கொருவர் உரத்த குரலில் நிரூபித்துக்கொண்டிருப்போம். நான்காவது மாதம் நாற்காலிகள்தான் மிஞ்சும்.

நான் பல ஆண்டுகளாக ஒரு குழுவின் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். பிழைப்புக்குச் செய்யும் தொழில் கணக்கு எழுதுவது. உறுப்பினர் ஒருவர் வீட்டில் சாவு நேர்ந்தால் யார் போவார்கள், போய் என்ன செய்வார்கள் என்று கேட்டால் குழுவிடம் உடனே பதில் இருக்க வேண்டும். அந்தப் பதில் இருக்கிற குழு நிலைக்கிறது, இல்லாதது எவ்வளவு புத்திசாலிகளைக் கொண்டிருந்தாலும் கலைந்துவிடுகிறது.

இது புதிய பாடமும் இல்லை. 1876இல் நியூயார்க்கில் ஃபீலிக்ஸ் ஆட்லர் தொடங்கிய அறநெறிப் பண்பாட்டுக் கழகம், கடவுளைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று உறுப்பினர்களைக் கேட்கவில்லை. அடுத்த ஆண்டே ஏழைகளின் வீடுகளுக்கு நர்சுகளை அனுப்பியது. 1878இல் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்காக இலவச மழலையர் பள்ளி ஒன்றைத் திறந்தது. ஞாயிற்றுக்கிழமை உரை கேட்டவர்களுக்குத் திங்கட்கிழமை செய்ய ஒரு வேலை இருந்தது.

குழு எதற்காக என்று ஒரு பக்கம் எழுதி வைப்பது நல்லதுதான். அதை எழுதுவதற்கே அரை வருடம் உட்கார்ந்துவிடாதீர்கள். ஹ்யூமனிஸ்ட்ஸ் இன்டர்நேஷனல் என்று இன்று அழைக்கப்படும் உலகக் கூட்டமைப்பு 1952இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கியபோது ஒரு பிரகடனம் வெளியிட்டது. அதை 2002இல் திருத்தினார்கள், 2022இல் மறுபடி திருத்தினார்கள். சிறிய ஆவணம். ஒரு கூட்டத்தில் பத்தி பத்தியாக வாசித்து, ஒவ்வொரு பத்திக்கும் பிறகு "இதை ஏற்பதில் உங்களுக்கு என்ன தயக்கம்?" என்று கேளுங்கள். ஏற்கிறீர்களா என்று கேட்டால் தலை ஆடுவதோடு சரி. தயக்கத்தைக் கேட்டால் பேச்சு வரும். 2022 வடிவம் மனிதநேயத்தைப் பிடிவாத மதத்துக்கு மட்டும் மாற்றாக முன்வைக்கவில்லை. சர்வாதிகாரத் தேசியவாதத்தையும், குழுவெறியையும், எதிலும் அர்த்தமில்லை என்று தன்னலத்தில் ஒதுங்குவதையும் அதே வரிசையில் வைக்கிறது. மதத்தைப் பற்றிய வரியை எங்கள் குழு மூச்சுவிடாமல் தாண்டியது. தேசியத்தைப் பற்றிய வரியில்தான் மோதல் வெடித்து, கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டி ஓடியது.

மாதத்தில் ஒரு கிழமையை முடிவு செய்யுங்கள், பிறகு மாற்றாதீர்கள். எல்லோருக்கும் வசதியான நாள் என்று உலகத்தில் ஒன்று கிடையாது. படியேற முடியாதவரும் வரக்கூடிய அறையாக இருக்கட்டும். நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். மேடை இருந்தால் அதில் பைகளை வைத்துக்கொள்ளலாம். வாசலில் ஒருவர் நிற்க வேண்டும். புதிதாக வருகிறவரின் பெயரைக் கேட்டு, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, முடிந்ததும் நாலு வார்த்தை பேசி அனுப்புவது அவர் பொறுப்பு. குழுவிலேயே நன்றாகப் பேசுகிறவரிடம் இந்த வேலையைக் கொடுத்துவிடாதீர்கள். நன்றாகக் கேட்கிறவர் யார் என்று பாருங்கள்.

விவாதக் கூட்டத்தில் கேள்வியை அமைப்பது பாதி வேலை. "கருணைக்கொலை சரியா, தவறா?" என்று அறிவித்தால், வீட்டிலேயே தீர்ப்பு எழுதி எடுத்துக்கொண்டு வருவார்கள். "குணமாகாது என்று தெரிந்த நோயாளி சிகிச்சையை நிறுத்தச் சொல்கிறார், பிள்ளைகள் தொடரச் சொல்கிறார்கள், மருத்துவர் யார் பேச்சைக் கேட்பது?" என்று வைத்துப் பாருங்கள். அந்தக் கேள்வியோடு ஏதோ ஒரு மருத்துவமனை வராந்தாவில் நின்றவர்கள் அறையில் கட்டாயம் இருப்பார்கள். அவர்கள் பேசத் தொடங்கினால் மேற்கோள்கள் தாமாக ஒதுங்கிக்கொள்ளும். ஜெர்மன் தத்துவ அறிஞர் லெயோனார்ட் நெல்சனும் அவர் வழிவந்தவர்களும் வளர்த்த சாக்ரடீஸ் உரையாடல் முறையிலும் இதே அணுகுமுறை உண்டு. பேச்சு யாராவது ஒருவருடைய சொந்த அனுபவத்திலிருந்து தொடங்க வேண்டும். நடத்துகிறவர் தன் கருத்தைச் சொல்லக் கூடாது. இரண்டாவது விதிதான் கடினம். நான் கருத்துச் சொல்ல ஆசைப்படும் தலைப்புகளை வேறொருவரை நடத்தச் சொல்லிவிடுகிறேன்.

பேச்சாளரை அழைத்தால் அவருக்கு இருபது நிமிடம். மீதி நேரம் உரையாடலுக்கு. எல்லோரும் ஒருமுறை பேசும் வரை யாரும் இரண்டாம் முறை பேச வேண்டாம். பேச விருப்பமில்லாதவர் "கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்று சொன்னால் போதும், வற்புறுத்தக் கூடாது.

கேள்விக்குறியே இல்லாமல் கேள்வி கேட்கும் பெரியவர் ஒருவர் எந்தக் குழுவிலும் இருப்பார். "எனக்கு ஒரு சின்னச் சந்தேகம்" என்று தொடங்கிப் பரிணாமத்திலிருந்து பங்குச்சந்தை வரை போய்விட்டு வருவார். அதட்டினால் அவர் மனம் நோகும், விட்டால் கூட்டம் நோகும். எங்கள் பெரியவரை நேரம் பார்க்கும் பொறுப்பில் அமர்த்தினோம். நேரம் முடிந்தால் தூக்கிக் காட்ட அவரே ஒரு மஞ்சள் அட்டை வெட்டிக்கொண்டு வந்தார். பிறர் விஷயத்தில் நொடி தவறாத கண்டிப்பு. ஒரு மாலை, தன் பேச்சு பாதியில் இருக்கும்போதே கடிகாரத்தைப் பார்த்தார், அட்டையைத் தூக்கித் தனக்கே காட்டிக்கொண்டார், உட்கார்ந்துவிட்டார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

கடவுள் நம்பிக்கை உள்ளவர்களும் வருவார்கள். துணையாக வந்தவர்கள், ஆர்வத்தால் வந்தவர்கள், சண்டை போட வந்தவர்கள். எல்லோரும் இருக்கட்டும். கருத்தை எவ்வளவு வேண்டுமானாலும் உரசிப் பார்க்கலாம், கருத்துக்கு உரியவரைக் கேலி செய்யக் கூடாது என்பது ஒன்றே நிபந்தனை. மதத்தைக் கிண்டல் செய்யும் நகைச்சுவை முதல் பத்து நிமிடம் சுவையாக இருக்கும். அதன் பிறகு அதுவும் ஒருவகை வழிபாடாகிவிடும்.

சேவைப் பணியில், எதைச் செய்யலாம் என்று உங்களுக்குள் பேசி முடிவெடுக்காமல், ஏற்கெனவே அதைச் செய்கிறவர்களிடம் கேளுங்கள். ரத்ததானம் இதற்கு நல்ல உதாரணம். ஆண்டுக்கொரு நாள் பெரிய முகாம் நடத்திப் படம் எடுத்துக்கொள்வது குழுவுக்குத் திருப்தி தரும். ரத்த வங்கிக்கு அதனால் கிடைக்கும் பயன் குறைவு. பிரித்தெடுத்த சிவப்பணுக்களை அதிகபட்சம் 42 நாள்தான் குளிரில் வைத்திருக்க முடியும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஐந்திலிருந்து ஏழு நாள்தான் தாங்கும். ஒரே நாளில் குவிந்து வருவதைவிட, உறுப்பினர்களை நான்கைந்து பிரிவாகப் பிரித்து முறைவைத்து அனுப்புவதே மேல். பட்டியலில் ரத்த வகையும் கடைசியாகக் கொடுத்த தேதியும் இருக்கட்டும்.

கண்தானமும் உடல்தானமும் மனிதநேயக் குழுக்களில் அதிகம் பேசப்படுபவை. உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட்டால் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இறந்த நேரத்தில் அருகில் இருக்கும் உறவினர் மறுத்தால் பெரும்பாலும் அத்தோடு நின்றுபோகும். ஆகவே படிவம் கொடுக்கும் கூட்டத்துக்கு வீட்டாரையும் அழைத்து வரச் சொல்லுங்கள். கண்களை எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறார்களோ அவ்வளவு நல்லது. சில மணி நேரமே அவகாசம். கண் வங்கிக் குழுவினர் வந்து சேரும் வரை இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சை வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையைத் தலையணையால் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். இந்த நான்கையும் கண் வங்கியின் தொலைபேசி எண்ணோடு ஒரு சிறு அட்டையில் அச்சிட்டு வீட்டில் மாட்டச் சொல்லுங்கள். பிரேதப் பரிசோதனை நடந்த உடலை மருத்துவக் கல்லூரிகள் பொதுவாக ஏற்பதில்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிறகு ஏமாற்றம் இருக்காது.

இனி நிகழ்ச்சிகள். குழந்தைக்குப் பெயர் வைப்பது, திருமணம், இறந்தவருக்கு இறுதி விடை கொடுப்பது மூன்றையும் மதச்சார்பின்றி நடத்தித்தரச் சொல்லி ஆட்கள் வருவார்கள். திருமணத்தில் முதலில் சட்டத்தைப் பாருங்கள். ஸ்காட்லாந்தில் 2005 முதல் மனிதநேயத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு உண்டு. பல இடங்களில் அது கிடையாது. அங்கெல்லாம் பதிவைத் தனியாக முடித்துக்கொண்ட பிறகுதான் விழா. பதின்பருவத்தினருக்கான விழாவை நார்வேயில் 1951 முதல் நடத்துகிறார்கள்: ஒழுக்கம், உரிமைகள், விமரிசனச் சிந்தனை பற்றிய வகுப்புகள் முடிந்த பிறகு ஒரு கொண்டாட்டம். பிள்ளைகள் அதிகமுள்ள குழு அதைத் தன் அளவுக்குச் சுருக்கிச் செய்யலாம்.

இறுதி விடைதான் மிகுந்த கவனம் கேட்பது. அரைமணி நேரத்துக்கு மேல் வேண்டாம். வரவேற்பு, வாழ்வையும் மரணத்தையும் பற்றிச் சில வரிகள், இறந்தவரைப் பற்றிய உரை, அவருக்குப் பிடித்த இசை, மௌனம், விடைகொடுத்தல், நன்றி. உரையை எழுதுவதற்குக் குடும்பத்தாரோடு ஒரு மணி நேரமாவது உட்கார வேண்டும். "அவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்காதீர்கள், அன்பானவர், கடுமையாக உழைத்தவர் என்ற பதில்தான் வரும், எல்லோருக்கும் பொருந்தும் பதில். "சாதாரண நாளில் காலையில் எழுந்ததும் என்ன செய்வார்?" "எதற்கு எரிச்சல்படுவார்?" என்று கேளுங்கள். மின்பணியாளர் ஒருவரின் மகள் இந்தக் கேள்விக்குச் சொன்னார்: "கிளம்பும்போது எல்லா ஸ்விட்ச்சையும் ஒருமுறை தொட்டுப் பார்ப்பார். எங்கள் வீட்டில் மட்டுமில்லை, விருந்துக்குப் போன வீட்டிலும்." அந்த வரியை அப்படியே வாசித்தோம். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள், அவர் தங்கள் வீட்டு ஸ்விட்ச்சையும் தொட்டுப் பார்த்ததைப் பலர் நேரில் கண்டிருந்தார்கள்.

குறையே இல்லாத மனிதராக எழுதிவிடாதீர்கள், குடும்பத்தாருக்கு அடையாளம் தெரியாமல் போகும். எந்தக் குறையைச் சொல்லலாம் என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். பெயர்களின் உச்சரிப்பையும் ஆண்டுகளையும் இருவரிடம் கேட்டுச் சரிபாருங்கள். பெரிய எழுத்தில் தாளில் அச்சிட்டு வாசியுங்கள். கைப்பேசித் திரை சரியாக அந்த நேரம் பார்த்து அணைந்துபோகும். மதத்துக்கு எதிரான ஒரு வாக்கியம்கூட அன்று வேண்டாம். மௌனத்துக்கு முன், நம்பிக்கை உள்ளவர்கள் தங்கள் வழியில் பிரார்த்தனை செய்துகொள்ளலாம் என்று சொல்லுங்கள். அந்த மௌனம் ஒரு நிமிடம் என்றால் ஒரு நிமிடம். முன்னே நிற்பவருக்கு இருபது நொடியிலேயே நாக்கு துடிக்கும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள்.

ஆண்டில் கொண்டாட மூன்று நாள் போதும்: டார்வின் பிறந்த பிப்ரவரி 12, உலக மனிதநேய நாளான ஜூன் 21, மனித உரிமைகள் நாளான டிசம்பர் 10. டார்வின் நாளைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். ஒரே காயின் விதைகளைச் சில வாரம் முன்பே முளைக்கப் போட்டு, நாற்றுகளை அளவுகோலோடு அவர்கள் கையில் கொடுத்தால், வேறுபாடு என்றால் என்ன என்று விளக்க வேண்டியிருக்காது. டிசம்பரில் 1948ஆம் ஆண்டு உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 18ஆவது பிரிவை வாசிக்கலாம். சிந்தனைக்கும் மனசாட்சிக்கும் மதத்துக்குமான சுதந்திரம் அதில் ஒன்றாகவே இருக்கிறது. நம்பிக்கையை மாற்றிக்கொள்ளும் உரிமையும் அதற்குள் அடக்கம்.

படம் எடுக்கும் முன் ஒவ்வொரு முறையும் கேளுங்கள். தன் நம்பிக்கையின்மை வீட்டுக்கோ வேலையிடத்துக்கோ தெரியக் கூடாதவர் எந்தக் கூட்டத்திலும் இருக்கக்கூடும். மத நிந்தனைக்குத் தண்டனை தரும் சட்டங்கள் இன்னும் பல நாடுகளில் உள்ளன. படத்தில் வர விரும்பாதவர்களுக்கென்று வட்டத்தில் ஒரு பக்கத்தை ஒதுக்கிவிட்டால், யாரும் எழுந்து காரணம் சொல்ல வேண்டிய நிலை வராது.

பணத்தைப் பற்றி, என் தொழில் பாசத்தை அடக்கிக்கொண்டு, சுருக்கமாக: வங்கிக் கணக்கில் இருவர் கையெழுத்து, கூட்டத்துக்குக் கூட்டம் ஒரு பக்க வரவு செலவு, ரசீது இல்லாத செலவுக்குப் பணம் கிடையாது. ஒருங்கிணைப்பாளர் பதவிக்கு இரண்டு ஆண்டு வரம்பு வையுங்கள். எங்கள் குழுவில் அந்த விதி எழுத்தில் இருக்கிறது. ஆள் கிடைக்காததால் நான் தொடர்கிறேன் என்று சொல்லிக்கொள்கிறேன். என் மனைவி அதை நம்புவதில்லை. அறைச் சாவி, உறுப்பினர் பட்டியல், ரத்த வகைக் குறிப்பு, கண் வங்கி எண், முந்தைய இறுதி உரைகளின் பிரதிகள் எல்லாம் ஒரே கோப்பில், தாளில், குறைந்தது இரண்டு வீடுகளில் இருக்கட்டும்.