தேன்சிட்டுக்குக் காத்திருக்கும் முறை

தேன்சிட்டைப் படம் எடுக்க அதைத் துரத்தவே வேண்டாம். கிளிநொச்சியில் இரணைமடுப் பக்கம் எந்த வளவிலாவது முருங்கையோ செவ்வரத்தையோ பூத்திருந்தால், காலை வெயில் முதுகில் படும்படி உட்கார்ந்துவிடுங்கள். குருவி பறந்து போனாலும் அதே பூவுக்குத் திரும்பத் திரும்ப வரும். ஊதாத் தேன்சிட்டின் ஆணுக்கு வெயிலின் கோணம் பிசகினால் கிடைப்பது வெறும் கறுப்புப் பொட்டுத்தான். நீலமும் ஊதாவும் ஒளி பட்டுத் தெறிக்கும்போது மட்டுமே தெரியும்.

ஷட்டர் வேகம் செக்கனில் 2000இல் ஒரு பங்கு. பூவின் முன் சிறகடித்து நிற்கும்போது அதுவும் போதாது, 3200க்கு ஏற்றுங்கள். ஐ.எஸ்.ஓ. (கமெராவின் ஒளி உணர்திறன்) உயர்ந்து படத்தில் பொரிபொரியாகத் தெரிந்தால் தெரியட்டும். கலங்கிய குருவியைவிட அது மேல். குருவி அசைய அசையக் கூர்மையைத் தானே சரிசெய்யும் தொடர் போகஸ் வைத்து, போகஸ் புள்ளியைக் குருவியின் கண்ணில் நிறுத்துங்கள்.

தையல்சிட்டு வேறு ரகம்: புதருக்குள்ளேயே திரியும், உருவத்துக்குப் பொருந்தாத பெரிய குரல். குரல் நகரும் திசையில் இலை இடைவெளி ஒன்றில் முன்கூட்டியே போகஸ் செய்யுங்கள். கைபேசியில் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பவர்களோடு நான் போவதில்லை; கூடு கட்டும் காலத்தில் அது குருவியை வீணாக அலைக்கழிக்கும்.

மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் காணிக்குள் எந்தக் குருவிக்காகவும் கால் வைக்காதீர்கள். வீதியோரத்திலேயே வேண்டிய அளவு சிட்டுகள் இருக்கின்றன.