கன்டெய்னர் ஒன்றும் குட்டி விஎம் இல்லை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சர்வர் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் செய்கிற தவறுகளைப் பார்த்தால் சில சமயம் சிரிப்பு வருகிறது, சில சமயம் எரிச்சல் வருகிறது. பாதிக்கு மேல் நாங்கள் எல்லோரும் ஒரு காலத்தில் செய்தவைதான். பாஸ்வேர்டை கிட்டில் ஏற்றாதே, டிஸ்க் நிறைகிறதா என்று பார் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதைச் சொல்ல ஆயிரம் வீடியோ இருக்கிறது. விர்ச்சுவல் மெஷினையும் (விஎம்) கன்டெய்னரையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதால் வரும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

முதலில் வித்தியாசம். விஎம் என்றால் ஹைப்பர்வைசர் என்ற சாஃப்ட்வேர் ஒரு முழுக் கம்ப்யூட்டரையே பாவனையாக உருவாக்கித் தருகிறது. அதற்குத் தனி கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி), தனி டிஸ்க், தனி பூட். லினக்ஸ் சர்வருக்கு மேலே விண்டோஸ் ஓடும், அடுத்த விஎம்மில் பத்து வருஷப் பழைய லினக்ஸ் ஓடும், ஒன்றுக்கு ஒன்று தெரியாது. அதற்கான விலை ராம். ஒவ்வொன்றும் ஒரு முழு ஓஎஸ்ஸைச் சுமக்கிறது.

கன்டெய்னர் மெஷினே கிடையாது. ஹோஸ்டில் (அதைத் தாங்கும் சர்வரில்) ஓடும் சாதாரண புரோசஸ்தான். அது எதையெல்லாம் பார்க்கலாம் என்பதை நேம்ஸ்பேஸும், எவ்வளவு தின்னலாம் என்பதை சிகுரூப்பும் கட்டுப்படுத்துகின்றன. சிகுரூப் 2008-லேயே லினக்ஸ் கெர்னலுக்குள் வந்துவிட்டது. 2013-ல் வந்த டாக்கர் அதை யாரும் கையாளும்படி கட்டிக் கொடுத்தது. சந்தேகம் இருந்தால் லினக்ஸ் ஹோஸ்டில், ஓடும் புரோசஸ்களைக் காட்டும் டாப் கமாண்ட் போட்டுப் பாருங்கள். கன்டெய்னருக்குள் ஓடும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் மற்ற புரோசஸ்களோடு வரிசையில் நிற்கும். அதனால்தான் ஒரு நொடியில் எழுந்திருக்கிறது, விஎம் நாலு ஓடும் சர்வரில் கன்டெய்னர் நாற்பது ஓடுகிறது.

கன்டெய்னருக்குள் குடித்தனம் நடத்துவது

இதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன். இன்னமும் எனக்கு ஆறாத விஷயம் இது.

விஎம்மில் பழகியவர்கள் கன்டெய்னருக்குள் எக்ஸெக் கமாண்ட் போட்டு நுழைகிறார்கள். உள்ளே ஏதோ பேக்கேஜை நிறுவுகிறார்கள், கான்ஃபிக் ஃபைலை விஐ எடிட்டரில் திறந்து திருத்துகிறார்கள். வேலை செய்கிறது. ரீஸ்டார்ட் செய்தாலும் வேலை செய்கிறது. அப்புறம் ஒருநாள் இமேஜை (கன்டெய்னரை வார்க்கும் அச்சு) மாற்றிப் புதுக் கன்டெய்னர் எழுப்பியதும் திருத்தம் முழுக்கக் காணாமல் போகிறது. விஎம் எவர்சில்வர் தட்டு, கழுவி மறுபடி வைக்கலாம். கன்டெய்னர் வாழை இலை. அடுத்த பந்திக்கு இலையை மடித்து எறிந்துவிட்டுப் புது இலை போடுவதற்காகவே அது உண்டாக்கப்பட்டிருக்கிறது.

கான்ஃபிக் போனால் திரும்ப எழுதிக்கொள்ளலாம். டேட்டா போனால்?

ஒரு சின்ன கம்பெனியின் பில்லிங் சாஃப்ட்வேர். பின்னால் போஸ்ட்கிரெஸ் 16, டாக்கர் கம்போஸில் (கன்டெய்னர்களை ஒரே ஃபைலில் எழுதி எழுப்பும் கருவி) ஓடுகிறது. அமைத்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். இப்போது பார்த்துக்கொள்ளும் தம்பிக்கு இது முதல் வேலை. ராத்திரி போன் வந்தது.

"அண்ணா, டேட்டாபேஸ் காலியா வருது. ஒரு டேபிள்கூட இல்ல."

"என்னப்பா பண்ணின?"

"ஒண்ணும் பண்ணலண்ணா. செக்யூரிட்டி அப்டேட்டுன்னு புது இமேஜ் இழுத்தேன். டவுன் போட்டு அப் போட்டேன், அவ்வளவுதான்."

கம்போஸ் ஃபைலை அனுப்பச் சொன்னேன். வால்யூம், அதாவது கன்டெய்னர் போனாலும் டேட்டா தங்கும் இடம், பெயரோடு அழகாக எழுதியிருந்தது. பார்த்த யாருமே டேட்டா பத்திரம் என்றுதான் நினைப்பார்கள். கோளாறு பாதையின் கடைசிச் சொல்லில் இருந்தது. போஸ்ட்கிரெஸ் இமேஜ் தன் டேட்டாவை 'போஸ்ட்கிரெஸ்க்யூஎல்' ஃபோல்டருக்குள் இருக்கும் 'டேட்டா' என்ற உள் ஃபோல்டரில் வைக்கிறது. இவர்கள் வால்யூமை அதற்கு ஒரு படி மேலேயே மாட்டி நிறுத்தியிருந்தார்கள்.

ஒரு படி மேலே என்றால் உள்ளே இருப்பதும் அதில் அடங்கத்தானே வேண்டும்? அடங்காது. அந்த 'டேட்டா' ஃபோல்டர் ஒரு வால்யூம் என்று இமேஜ் தயாரித்தவர்களே உள்ளே எழுதிவைத்திருக்கிறார்கள். நாம் அந்த இடத்துக்கு எதையும் மாட்டாவிட்டால், டாக்கர் தானாக ஒரு பெயரில்லா வால்யூமை உருவாக்கி அங்கே மாட்டிவிடும். நாம் பெயர் சூட்டிய வால்யூம் வெறுமனே கிடக்கும். பில் எல்லாம் பெயரில்லாததில் போய்ச் சேரும்.

இது பல மாதம் வெளியே தெரியாது என்பதுதான் கொடுமை. ரீஸ்டார்ட் செய்தால் டேட்டா இருக்கிறது. சர்வரையே ரீபூட் செய்தாலும் இருக்கிறது. டவுன் போடாமல் வெறும் அப் மட்டும் போட்டால், இமேஜ் மாறியிருந்தாலும், கம்போஸ் பழைய பெயரில்லா வால்யூமைப் புதுக் கன்டெய்னருக்கு எடுத்துக் கொடுத்துவிடுகிறது. டவுன் போட்டுப் பழைய கன்டெய்னரை நீக்கிய பிறகு அப் போடும்போதுதான் அந்த இணைப்பு அறுகிறது. புதுக் கன்டெய்னருக்குப் புது வால்யூம், அதில் புத்தம் புதுக் காலி டேட்டாபேஸ். எர்ரர் எதுவும் வராது. லாகில் எல்லாம் சுபம்.

இந்தக் கட்டத்திலும் டேட்டா அழிந்துவிடவில்லை. பழைய வால்யூம் டிஸ்கில் அப்படியே அநாதையாகக் கிடக்கும். வால்யூம் பட்டியலை எடுத்தால் 64 எழுத்தில் வாயில் நுழையாத பெயரோடு நிற்கும். ஒவ்வொன்றாகத் திறந்து, பிஜி வெர்ஷன் என்ற ஃபைல் உள்ளதா, அளவு என்ன, கடைசியாக மாறிய தேதி என்ன என்று பார்த்தால் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம். நிம்மதியாக அதைத்தான் சொல்ல ஆரம்பித்தேன்.

"உங்களுக்கு போன் பண்றதுக்கு முன்னாடி டிஸ்க் நிறைஞ்சிருக்குதோன்னு சந்தேகமா இருந்துச்சுண்ணா. சிஸ்டம் ப்ரூன் போட்டேன். வால்யூம்ஸ் ஆப்ஷனோட."

அந்தக் கமாண்ட், எந்தக் கன்டெய்னரோடும் ஒட்டாமல் கிடக்கும் பெயரில்லா வால்யூம்களைத் துடைத்துவிடும். டாக்கர் 23-ம் பதிப்பிலிருந்து, பெயர் வைத்த வால்யூம்களை இந்த ப்ரூன் தொடுவதில்லை. பாதுகாப்புக்காகச் செய்த நல்ல மாற்றம். நமக்கு என்ன ஆயிற்று? காலியாக இருந்த பெயருள்ள வால்யூம் தப்பித்தது. ஒரு வருஷத்துப் பில் இருந்த பெயரில்லா வால்யூம் போனது. மிச்சம் கிடைத்தது யாரோ மெயிலில் அனுப்பியிருந்த பழைய டம்ப் (டேட்டாபேஸின் நகல்) ஒன்றுதான். மீதியை அக்கவுண்ட்ஸ் பெண்கள் பேப்பர் பில்லைப் பார்த்து மறுபடி அடித்தார்கள்.

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. முதல் நாளிலேயே ஐந்து நிமிஷச் சோதனை ஒன்றைச் செய்யாமல் லைவுக்கு விட்டவர் மேல்தான் கோபம். சோதனை இவ்வளவுதான்: புது அமைப்பில் ஒரு டேபிள் உருவாக்குங்கள், ஒரு வரி போடுங்கள். டவுன். அப். வரி இருக்கிறதா பாருங்கள். கூடவே இன்ஸ்பெக்ட் போட்டு மவுண்ட்ஸ் பகுதியைப் படியுங்கள். டேட்டா ஃபோல்டருக்கு எதிரே நீங்கள் வைத்த பெயர் இல்லாமல் அந்த நீள எழுத்துக் கொத்து இருந்தால், உடனே டம்ப் எடுத்துவிட்டுப் பாதையைத் திருத்துங்கள்.

இதில் இன்னொரு கூத்து. போஸ்ட்கிரெஸ் 18 இமேஜில் வால்யூம் இடத்தை அவர்களே ஒரு படி மேலே மாற்றிவிட்டார்கள். 17 வரைக்கும் எந்த வரி தப்போ, 18-ல் அதுதான் சரி. பழைய பதிவிலிருந்து கம்போஸ் ஃபைலைக் காப்பி அடிக்கிறவர்கள் அது எந்தப் பதிப்புக்கு எழுதியது என்று பார்த்துவிட்டு அடியுங்கள்.

இத்தனைக்கும் பிறகு, டேட்டாபேஸைக் கன்டெய்னரில் வைக்கலாமா என்று கேட்டால், வைக்கலாம். ஆனால் ஒரே சர்வர், ஒரே ஆள், ஒரே டேட்டாபேஸ் என்றால் விஎம்மில் நேரடியாக நிறுவிவிடுங்கள் என்றுதான் சொல்வேன். அங்கே கன்டெய்னரால் கிடைக்கும் லாபம் கொஞ்சம்.

ஸ்னாப்ஷாட்டைப் பேக்கப் என்று நம்புவது

விஎம் பக்கத்து ஆட்களின் வியாதி இது. அப்டேட்டுக்கு முன்னால் ஸ்னாப்ஷாட் (விஎம்மின் அந்த நிமிஷத்து நிலை) எடுப்பது நல்ல பழக்கம். எடுத்ததை மறந்துவிடுவதுதான் தப்பு. ஸ்னாப்ஷாட் எடுத்த நிமிஷத்திலிருந்து பழைய டிஸ்க் ஃபைல் பூட்டப்பட்டு, புதிதாக எழுதுவதெல்லாம் தனியாக ஒரு டெல்டா ஃபைலில் சேர்கிறது. அது வளர்ந்துகொண்டே போகும், விஎம் மெதுவாகும், கடைசியில் ஸ்டோரேஜே நிறைந்து விஎம் நின்றுபோகும். ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காதே என்று விஎம் சாஃப்ட்வேர் செய்யும் விஎம்வேரே சொல்கிறது. வருஷக்கணக்கில் கிடக்கும் ஸ்னாப்ஷாட்டுகளை நான் பார்த்திருக்கிறேன்.

அதோடு, ஸ்னாப்ஷாட் இருப்பதும் அதே டிஸ்கில். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்து போகும். 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று எரிந்தது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களுக்கு மீட்க ஒன்றுமில்லாமல் போனது. வேறு ஊரில் ஒரு காப்பி இருக்க வேண்டும். அதை எப்போதாவது ரீஸ்டோர் செய்தும் பார்க்க வேண்டும்.

ஃபயர்வால் போட்டாச்சு என்ற நம்பிக்கை

உபுண்டு லினக்ஸில் யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வாலை ஆன் செய்திருக்கிறீர்கள். எஸ்எஸ்ஹெச், வெப் தவிர மற்றதெல்லாம் மூடியதாக ஸ்டேட்டஸ் காட்டுகிறது. கம்போஸில் 5432:5432 என்று எழுதி போஸ்ட்கிரெஸ்ஸின் போர்ட்டைத் திறக்கிறீர்கள். இப்போது உங்கள் டேட்டாபேஸ் உலகத்துக்கே திறந்திருக்கிறது.

டாக்கர் தன் விதிகளை லினக்ஸின் பாக்கெட் வடிகட்டியான ஐபிடேபிள்ஸில் நேரடியாக எழுதிக்கொள்கிறது. வரும் பாக்கெட் கன்டெய்னர் பக்கம் திருப்பிவிடப்படுவதால் யுஎஃப்டபிள்யூ காவல் நிற்கும் வாசலுக்கே அது வருவதில்லை. பாஸ்வேர்டும் 'போஸ்ட்கிரெஸ்' என்றே இருந்தால், கொஞ்ச நாளில் சிபியு நூறு சதவீதத்தில் ஓட ஆரம்பிக்கும். கின்சிங் போன்ற கிரிப்டோ மைனர்கள் இப்படித் திறந்து கிடப்பவற்றைத் தேடித்தான் அலைகின்றன. அந்த மெஷினுக்குள் மட்டும் திறக்கும்படி 127.0.0.1:5432:5432 என்று எழுதுங்கள். அப்ளிகேஷனும் அதே கம்போஸில் இருந்தால் போர்ட் பகுதியே வேண்டாம், சர்வீஸ் பெயரை வைத்தே ஒன்றையொன்று கண்டுகொள்ளும். பெரிய கிளவுடில் செக்யூரிட்டி குரூப் என்ற ஃபயர்வால் மெஷினுக்கு வெளியே நிற்பதால் அங்கே ஓரளவு தப்பிக்கலாம். மாதம் சில நூறு ரூபாய் வாடகைக்கு எடுக்கும் விபிஎஸ் மெஷினில்தான் அடி விழுகிறது.

மெமரி வரம்பு வைக்காமல் விடுவது

விஎம்முக்கு 4 ஜிபி கொடுத்தால் அதற்குள் அடங்கும். கன்டெய்னருக்கு வரம்பு சொல்லாவிட்டால் ஹோஸ்டையே விழுங்கப் பார்க்கும். வரம்பு வைத்தாலும் உள்ளே ஃப்ரீ கமாண்ட் ஹோஸ்டின் முழு மெமரியைத்தான் காட்டும். அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். கன்டெய்னர் 137 என்ற எண்ணோடு செத்திருந்தால் முதலில் மெமரியைச் சந்தேகப்படுங்கள்.

லேட்டஸ்ட் டேக்

இமேஜ் பெயரோடு 'லேட்டஸ்ட்' என்று எழுதுவது லைவில் வேண்டாம். பதிப்பு எண்ணை எழுதுங்கள்.

எல்லோரையும் டாக்கர் குரூப்பில் சேர்ப்பது

சர்வரின் முழு அதிகாரமுள்ள ரூட் பாஸ்வேர்டைக் கொடுப்பதும் இதுவும் ஒன்றுதான்.

கெர்னல் ஒன்றுதான் என்பதை மறப்பது

கன்டெய்னரின் வேகத்துக்குக் காரணமே பொது கெர்னல்தான். அதன் பலவீனமும் அதுவே. 2019-ல் ரன்சி என்ற அடிப்படைக் கருவியில் ஓர் ஓட்டை வெளிவந்தது: கன்டெய்னருக்குள் இருந்தபடியே ஹோஸ்டின் ரூட்டைப் பிடித்துவிடலாம். 2024 தொடக்கத்தில் அதே ரன்சியில் இன்னொன்று. உங்கள் சொந்த புரோகிராம் ஓடினால் அப்டேட் போட்டுவிட்டுத் தூங்கலாம். முகம் தெரியாதவர்களின் புரோகிராமை ஓட்டும் வேலையை, உதாரணமாக மாணவர்கள் எழுதும் புரோகிராமை ஓட்டிப் பார்க்கும் தளத்தை, வெறும் கன்டெய்னரை நம்பி நடத்தாதீர்கள். அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸில், மற்றவர்களின் புரோகிராமை ஓட்டித் தரும் லாம்டா சேவைக்குப் பின்னால் ஃபயர்கிராக்கர் என்ற குட்டி விஎம்தான் வேலை செய்கிறது. அவர்களே தடுப்புச் சுவருக்கு விஎம்மை நம்புகிறார்கள் என்றால் காரணம் இருக்கும்.

அதேபோல் டேலி ஓட்ட வேண்டும், பழைய விண்டோஸ் சாஃப்ட்வேர் ஒன்றை இழுத்துக்கொண்டு போக வேண்டும், கெர்னல் மாட்யூல் போட வேண்டும் என்றால் விஎம்தான். இதற்குக் கன்டெய்னரோடு மல்லுக்கட்டாதீர்கள்.

மூன்று சர்வீஸுக்குக் குபெர்னெட்டீஸ் (பல சர்வர்களில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் கருவி)

வேண்டாம்.

லைசென்ஸைப் படிக்காமல் விடுவது

டாக்கர் இன்ஜின் இலவசம். மேக்கிலும் விண்டோஸிலும் போடும் டாக்கர் டெஸ்க்டாப் எல்லோருக்கும் இலவசம் இல்லை. 250 ஊழியர் அல்லது ஒரு கோடி டாலர் ஆண்டு வருமானம், இதில் ஒன்றைத் தாண்டிய நிறுவனம் பணம் கட்ட வேண்டும். விஎம்வேரை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கியது, அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பனையை நிறுத்திச் சந்தாவுக்கு மாற்றியது. புதிதாக ஆரம்பிப்பவர்கள் லினக்ஸோடு இலவசமாக வரும் ஹைப்பர்வைசரான கேவிஎம்மை முதலில் பாருங்கள்.

ஷட்டவுன் போட்டால் பில் நின்றுவிடும் என்பது

மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஷூரில் விஎம்முக்குள் நுழைந்து ஷட்டவுன் போட்டால் மெஷின் நிற்கும், வாடகை ஓடும். போர்ட்டலில் 'ஸ்டாப்டு' என்று மட்டும் இருந்தால் காசு போய்க்கொண்டிருக்கிறது. பக்கத்தில் 'டீஅலொகேட்டட்' என்றும் இருக்க வேண்டும். அப்போதும் டிஸ்குக்கான காசு போகும். ஏடபிள்யூஎஸ்ஸில் உள்ளிருந்து நிறுத்தினாலும் மெஷின் வாடகை நிற்கும், ஆனால் டிஸ்க் வாடகை நிற்காது. பிடித்து வைத்திருக்கும் பொது ஐபி முகவரிக்கும் 2024 பிப்ரவரியிலிருந்து மணிக்கு அரை சென்ட். மாதக் கடைசியில் பில் வரட்டும் பார்க்கலாம் என்று இருக்காமல், இன்றைக்கே கன்சோலைத் திறந்து எதனோடும் ஒட்டாத டிஸ்குகள் என்னென்ன என்று பாருங்கள். அழிப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் மாட்டி உள்ளே இருப்பதைப் பார்த்துவிடுங்கள்.