பொதிகை முதல் புன்னைக்காயல் வரை: தாமிரபரணியைத் தொடர்ந்து செல்வது எப்படி?

பொதிகை மலைக்காட்டில் பிறந்து மன்னார் வளைகுடாவில் கலக்கும் தாமிரபரணியின் நீளம் ஏறத்தாழ 128 கிலோமீட்டர்தான் என்பதால், அதன் போக்கை இரண்டே நாளில் சாலை வழியாகத் தொடர்ந்து பார்த்துவிடலாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, பிசான (கார் பருவத்துக்கு அடுத்த போக) நெல் வயலில் நிற்கும் தை மாதமே இதற்கு ஏற்ற காலம். கார்த்திகை, மார்கழியில் ஆறு எப்படிச் சீறும் என்பதை 2023 டிசம்பர் வெள்ளம் காட்டியது, அம்மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

முதல் நாள் காலையில் பாபநாசத்திலிருந்து தொடங்குங்கள். அதற்கு மேலே காரையாறு செல்லும் சாலை களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் போவதால், வனத்துறைச் சோதனைச் சாவடியின் அனுமதி நேரத்தை முன்னரே விசாரித்துக்கொண்டு, பிளாஸ்டிக் பொருள்கள் இல்லாமல் செல்ல வேண்டும். சொரிமுத்து அய்யனார் கோவிலருகே பாறைகளுக்கிடையே ஓடும் நீரைப் பார்த்தால் போதும். ஆடி அமாவாசைக் கூட்டத்தில் அதுவும் கிட்டாது.

பலர் பாபநாசத்து அருவியில் குளித்துவிட்டு இங்கேயே திரும்பிவிடுகிறார்கள். ஆற்றைப் புரிந்துகொள்ள, அதன் நீரைக் கால்வாய்களுக்குத் திருப்பும் எட்டு அணைக்கட்டுகளைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்பது மேலிருந்து கீழாக அவற்றின் வரிசை. கடைசியாக உள்ள ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு மட்டுமே ஆங்கிலேயர் காலத்தது. மற்றவை அதற்கும் முந்தியவை. நேரம் குறைவாக இருந்தால், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் கன்னடியன் கால்வாய் பிரியும் இடத்தில் இறங்கி, கால்வாய்க் கரையோடு சிறிது தூரம் நடந்து பாருங்கள்: ஒரு பக்கம் தலைமடை (நீர் நுழையும் முதல் மதகு), மறுபக்கம் வயல், அதற்கப்பால் குளம் என நீர் கைமாறிச் செல்வது கண்ணுக்குத் தெரியும். திருப்புடைமருதூரில் கடனாநதி வந்து சேர்வதையும் பார்த்துவிட்டு, இரவு திருநெல்வேலியில் தங்கலாம்.

மறுநாள் காலையில் குறுக்குத்துறைக்குச் செல்லுங்கள். ஆற்றுக்குள்ளேயே இருக்கும் முருகன் கோவில் பெருவெள்ளத்தில் மூழ்கி எழுவது. சீவலப்பேரியில் சிற்றாறு கலப்பதைப் பார்த்தபின், மருதூரைக் கடந்து ஸ்ரீவைகுண்டத்தை அடையுங்கள். அங்கே வடகால், தென்கால் என்ற இரு பாசனக் கால்வாய்களும் எடுத்துக்கொண்டது போக, அணையின் மேல் நீர் வழிகிறதா என்று பாருங்கள். வழிந்தால் அன்று மாலையே, ஆறு கடலில் கலக்கும் புன்னைக்காயலுக்குப் போகலாம். வழியாவிட்டால் முகத்துவாரத்தில் நீங்கள் காண்பது பெரும்பாலும் உள்ளேறி வந்த கடல்நீராகவே இருக்கும்.