பேத்திக்குக் கணினி பழக்கிய விதம்

பாளையங்கோட்டையில் முப்பது வருடம் தட்டச்சுப் பயிலகம் நடத்தினேன். லோயர், ஹையர் என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் ஐந்து வயதுப் பேத்தியைக் கணினி முன் உட்கார வைத்தபோது எல்லாவற்றையும் புதிதாக யோசிக்க வேண்டியிருந்தது. வீட்டில் இருந்தது, என் இளைய மகளுக்கு பிளஸ் டூவில் அரசு கொடுத்த மடிக்கணினி. பேட்டரி போய்விட்டது, கரண்டில்தான் ஓடும். தொடங்குவதற்கு அது தாராளம்.

முதலில் இடம். தனி அறையில் வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையில், திரை அடுக்களையிலிருந்து தெரியும்படி இருக்கிறது. கால் தொங்காமலிருக்கக் கீழே ஒரு ஸ்டூல் போட்டேன். சின்ன மவுஸ் ஒன்று வாங்கி, இடது பட்டனில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினேன். "பொட்டை அமுக்கு" என்றால் போதும், இடது வலது குழப்பமே வராது. டபுள் கிளிக் இந்த வயதுக்குக் கஷ்டம். செட்டிங்ஸில் அதன் வேகத்தைக் குறைத்து, அம்புக்குறியைப் பெரிதாக்கிவிடுங்கள். கணினியின் அமைப்பை மாற்றும் அட்மின் உரிமை இல்லாத தனிக் கணக்கு ஒன்றும் குழந்தைக்கு வேண்டும்.

முதல் இரண்டு மாதம் வைஃபையை அணைத்தே வைத்தேன். படம் வரையும் டக்ஸ் பெயின்ட், சின்னப் பிள்ளைகளுக்கான விளையாட்டுகள் உள்ள ஜிகாம்ப்ரிஸ் என்ற இரண்டு மென்பொருள்களையும் இறக்கிக் கொடுத்தேன். இரண்டும் இலவசம், விளம்பரம் கிடையாது. ஜிகாம்ப்ரிஸில் மவுஸை நகர்த்த நகர்த்தக் கட்டங்கள் அழிந்து அடியில் ஒரு படம் தெரியும். அவள் கை பழகியது அதில்தான். பத்து விரலால் அடிக்க இப்போதே பழக்க வேண்டாம், விரல் எட்டாது. நான் செய்தது, தமிழில் அடிக்க உதவும் தமிழ்99 விசைப்பலகை அமைப்பைப் போட்டு ஏ, கே, கே, க்யூ என்று நான்கு விசைகளைக் காட்டியது மட்டும்தான். நடுவில் புள்ளி தானாக விழுந்து திரையில் 'அம்மா' வந்தது. அன்று பக்கம் முழுக்க அம்மாதான்.

நேரத்துக்கு என் கணக்கு, இரண்டு ஈடு இட்லி வேகும் வரை. 2 முதல் 4 வயதுப் பிள்ளைகளுக்குத் திரை நேரம் நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. குறைந்தால் இன்னும் நல்லது என்றும் சொன்னது.

இணையத்துக்கு வருகிறேன். ஒருநாள் என் போனில் ஏதோ விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தாள். 'பரிசு விழுந்திருக்கிறது' என்று விளம்பரம் வர, அமுக்கிவிட்டாள். பக்கம் பக்கமாகத் திறந்திருக்கிறது. பயந்துபோய் போனைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவிட்டாள். ராத்திரி படுக்கும்போதுதான் அழுதுகொண்டே சொன்னாள். ஏன் அப்போதே சொல்லவில்லை? அதற்கு முந்தைய வாரம் கீபோர்டில் பால் கொட்டியதற்கு நான் போட்ட சத்தம் அப்படி. அது என் தப்பு.

அதனால் எந்தப் பூட்டையும் விட இதை முதலில் செய்யுங்கள்: "பிடிக்காதது ஏதாவது வந்தால் அப்படியே வைத்துவிட்டு ஆச்சியிடம் வா, திட்ட மாட்டேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி திட்டாமலும் இருங்கள். யாராவது "இது ரகசியம், வீட்டில் சொல்லாதே" என்றால் அதைத்தான் முதலில் வந்து சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயர், பள்ளிக்கூடம், தெரு, போட்டோ எதையும் கேட்காமல் போடக் கூடாது. நாங்கள் இதைக் கடை விளையாட்டு மாதிரி நடித்துப் பழகினோம். நான் தெரியாத மாமாவாகி, "பாப்பா எந்த ஸ்கூல்?" என்று கேட்பேன்.

அப்புறம் பூட்டுகள். யூடியூப் கிட்ஸில், நாம் ஒப்புக்கொண்ட வீடியோக்கள் மட்டும் வரும்படி வைக்கலாம். அப்போது தேடும் வசதியும் இருக்காது. பிளே ஸ்டோரில் எதை வாங்கினாலும் பாஸ்வேர்டு கேட்கும்படி செய்யுங்கள். யுபிஐ பின்னைக் குழந்தை பார்க்க அடிக்காதீர்கள், அவர்களுக்கு நம்மைவிட ஞாபகம் அதிகம்.

இணைய மோசடியில் பணம் போனால் கூப்பிட வேண்டிய எண் 1930. குழந்தையை யாராவது மிரட்டினாலோ தொந்தரவு செய்தாலோ குழந்தைகள் உதவி எண் 1098. இரண்டையும் காலண்டர் அட்டையில் பெரிதாக எழுதி மாட்டியிருக்கிறேன், அவளுக்கும் எட்டுகிற உயரத்தில்.