நாச்சம்மை நச்சம்மை ஆன கதை: பேர் வைக்கும்போது தவிர்க்க வேண்டியவை

போன வாரம் பக்கத்துத் தெருப் பையன் கைபேசியை நீட்டினான். "ஆச்சி, பாப்பாவுக்கு எங்க அப்பத்தா பேரையே வச்சாச்சு. ஆஸ்பத்திரியில இப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கேன், சரியா?"

என், ஏ, சி, எச், ஏ, எம், எம், ஏ, ஐ. எனக்கு வயிற்றைக் கலக்கியது. பதினெட்டு வருடத்துக்கு முன் நானும் இதே எழுத்துகளைத்தான் எழுதிக் கொடுத்தேன். அதுவும் நான் தமிழ் வாத்தியார்!

நட்சத்திரம் பார்ப்பது, கூப்பிட வாய் நோகிற பேரை வைப்பது பற்றியெல்லாம் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். எனக்கு இன்னும் ஆறாதது ஒன்று இருக்கிறது.

தமிழ்ப் பேரை ஆங்கிலத்தில் அசட்டையாக எழுதுவது

நாச்சி என்றால் தலைவி. 1780-இல் சிவகங்கையை மீட்ட வேலு நாச்சியாரின் பேரில் இருக்கிற அதே நாச்சிதான். அதோடு அம்மை சேர்ந்தால் நாச்சம்மை. எங்கள் செட்டிநாட்டில் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் என்று எந்த ஊர் வளவில், அதாவது வீட்டு முற்றத்தில், நின்று கூப்பிட்டாலும் ஒருத்தி திரும்பிப் பார்ப்பாள். அவ்வளவு புழங்கிய பேர்.

எங்கள் வீட்டில் அது என் மாமியார் பேர். மகளுக்கு அதை வைத்தபோது தெருவே சந்தோஷப்பட்டது. படிவத்தில் முதல் எழுத்துக்குப் பின் ஒரே ஒரு 'ஏ' போட்டேன். பெரியவர்கள் எல்லாரும் அப்படித்தானே எழுதுகிறார்கள் என்ற நினைப்பு. இங்கே இருக்கிறவரைக்கும் குறை தெரியவில்லை, பேர் காதுக்குப் பழக்கம். பிறகு ஆதார் எடுத்தோம். ஆங்கிலத்தில் இருந்ததை கணினி தானாகத் தமிழாக்கியது. திரையைக் காட்டிச் சரிபார்க்கச் சொன்னார்கள். நான் பிறந்த தேதியை மட்டும் பார்த்துவிட்டுத் தலையாட்டினேன். அட்டை வந்தது: 'நச்சம்மை'.

தலைவி போய் நஞ்சு வந்து உட்கார்ந்துவிட்டது. வெளியூர்ப் பள்ளியில் சேர்த்தபோது வருகைப் பதிவேட்டிலும் அதுவே ஏறியது. பிள்ளைகள் 'நச்சு' என்று கூப்பிட்டார்கள். ஒருநாள் அழுதுகொண்டு வந்து, "எனக்கு ஏன்மா விஷம்னு பேர் வச்சே?" என்று கேட்டாள். இதை எழுதும்போதும் எனக்கு என் மேல் எரிச்சலாகத்தான் வருகிறது.

திருத்த அலைந்த அலைச்சல் வேறு. பிறப்புப் பதிவேட்டில் பழைய பதிவை அழிக்கமாட்டார்கள். ஓரத்தில் திருத்தம் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். அதன்பின் ஆதார், பள்ளி ஆவணம் என்று ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கிற குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே அடிப்படை. அதில் பிழை விழுந்தால் எல்லாவற்றிலும் விழும்.

அழகம்மையையும் இப்படி எழுதிப் பாருங்கள். 'ழ'வுக்கு வெறும் 'எல்' போட்டால் திரும்பி வரும்போது அலகம்மை. பறவை மூக்கு! எழுதியதை, உங்கள் பேரை முன்பின் கேட்டிராத ஒருவரிடம் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அவர் சொல்வதுதான் உங்கள் பிள்ளைக்கு வெளியூரில் நிலைக்கப்போகிற பேர்.

விலாசத்தை உடைப்பது

ஒரே ஊரில் பத்து மெய்யப்பன் இருப்பார்கள். பேரன் என்ற சொல்லே பெயரன்தான், ஐயாவின், அதாவது தாத்தாவின், பேரைத் தாங்குகிறவன். அதனால் ஆள் அடையாளம் விலாசத்தில், அதாவது தலைப்பெழுத்தில் இருக்கிறது: ராம., பழ., சுப., அழ. அறிஞர் வ.சுப. மாணிக்கம் பேரில் 'சுப.' ஓர் ஆள்தான். இதை ஆங்கிலத்தில் 'எஸ்பி' என்று எழுதினால் படிவம் எஸ் ஒருவர், பி ஒருவர் என்று பிரித்துக்கொள்ளும். தலைப்பெழுத்தைச் சுருக்காமல் தகப்பனார் பேரை முழுதாக எழுதுங்கள்.

இணையப் பட்டியலில் பொருள் தேடுவது

விசாலாட்சி என்று தேடினால் 'அகன்ற கண்ணுடையவள்' என்று வரும். சரிதான். ஆனால் இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒரு விசாலாட்சி இருப்பது கண்ணை வைத்தா? அவள் காசியில் இருக்கிற அம்மன். காசியில் சத்திரம் கட்டி, விசுவநாதர் பூசைக்கு நாள்தோறும் பொருள் கொண்டுபோகிறவர்கள் நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள். பேர் அந்த வழியில் வீட்டுக்குள் வந்தது. சிகப்பி என்ற பேரை நான் பார்த்த பட்டியல் எதிலும் காணோம். செம்மை என்ற வேரில் கிளைத்த தமிழ்ப் பேர், இன்றைக்கு வைக்க ஆளில்லை. அர்த்தம் வேண்டுமானால் வீட்டில் இருக்கிற அப்பத்தாவையும், அம்மாவைப் பெற்ற ஆயாவையும் கேளுங்கள். யாருடைய பேர், எந்தக் கோயில் என்று சொல்வார்கள்.

வீட்டுப் பேரைப் பதிவது

மாமனார் பேரை மருமகள் சொல்லக் கூடாது என்று, அந்தப் பேரையே வைத்த தன் மகனை 'ராஜா' என்று கூப்பிடுவாள். கூப்பிடட்டும். படிவத்தில் எழுத வேண்டாம்.

எண்கணிதத்துக்காக எழுத்தைக் கூட்டுவது

வேண்டாம்.

நாள் கடத்துவது

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பேரை 12 மாதம் வரை கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதன்பின் 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு.

பக்கத்துத் தெருப் பையனின் படிவம் நல்லவேளை இன்னும் கணினியில் ஏறவில்லை. இன்னொரு 'ஏ' சேர்த்துவிட்டு வந்து படம் அனுப்பியிருக்கிறான். முதல் எழுத்துக்குப் பக்கத்தில் போட வேண்டியதை 'ச'வுக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறான். நச்சாம்மை. நாளைக்கு மறுபடியும் போகிறான், கூட நானும் போகிறேன்.