டவரைத் தொடாத ஹீட் பம்ப் தண்ணீரை மிச்சப்படுத்தாது

பால் ஆலையில் சில்லர் (குளிரூட்டும் மெஷின்) வெப்பத்தை வெளியே தள்ளும் பகுதி கண்டென்சர். அதன் வெப்பம் கூலிங் டவரில் தண்ணீரை ஆவியாக்கிக்கொண்டே போகிறது. பக்கத்திலேயே சிஐபி (குழாய், டேங்குகளைக் கழற்றாமல் உள்ளேயே கழுவுவது) வெந்நீருக்காகப் பாய்லர் எரிகிறது. இரண்டையும் சேர்த்து வைக்கத்தான் ஹீட் பம்ப்: ஓரிடத்து வெப்பத்தை எடுத்து, சூட்டை ஏற்றி, இன்னோரிடத்துக்குத் தரும் மெஷின். அதை ஓட்டச் சோலார். யோசனை சரிதான். புதிதாக இறங்குபவர்கள் சறுக்கும் இடங்கள் இவை.

ஏர் சோர்ஸ் வாங்குவது

வெளிக்காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் வகை இது. விலை குறைவு, மொட்டை மாடியில் வைத்தால் வேலை முடிந்தது என்று வாங்கிவிடுகிறார்கள். வெந்நீர் வரும், பாய்லர் செலவும் குறையும். டவரின் மேக்கப் மீட்டர் (குறைந்த தண்ணீருக்கு ஈடாக விடும் புதுத் தண்ணீரை அளப்பது) மட்டும் பழைய வேகத்திலேயே ஓடும். டவருக்குப் போகும் வெப்பத்தை எடுத்தால்தானே தண்ணீர் மிஞ்சும்? கொட்டேஷனிலேயே கேட்க வேண்டிய கேள்வி. கமிஷனிங் முடிந்து ரீடிங் பார்த்த பிறகு கேட்டால் எரிச்சல்தான் வருகிறது.

வேண்டியது தண்ணீரிலிருந்து வெப்பம் எடுக்கும் வாட்டர் சோர்ஸ். அதையும் டவர் தொட்டியில் இணைக்காதீர்கள், அங்கே தண்ணீர் ஆறிவிட்டது. கண்டென்சரிலிருந்து டவருக்கு ஏறும் ரிட்டர்ன் லைனில், 35–37 டிகிரியில் எடுங்கள். டவர் தண்ணீரை நேரே எவாப்பரேட்டருக்குள் (ஹீட் பம்ப் வெப்பத்தை உள்ளிழுக்கும் பகுதி) விட்டால் சேறும் பாசியும் அடைத்து, லோ பிரஷரில் மெஷின் ட்ரிப் ஆகிக்கொண்டே இருக்கும். முதலில் ஸ்ட்ரெய்னர், அடுத்து கழற்றிக் கழுவக்கூடிய கேஸ்கெட் வைத்த பிளேட் எக்ஸ்சேஞ்சர் (தண்ணீர் கலக்காமல் வெப்பத்தை மட்டும் கடத்துவது), அதற்கப்புறம்தான் மெஷின்.

கணக்கிலும் கோட்டை விடுகிறார்கள். 100 கிலோவாட் வெந்நீர் தரும், சிஓபி 4 உள்ள (ஒரு பங்கு மின்சாரத்துக்கு 4 பங்கு வெப்பம் தரும்) மெஷின் டவர் தண்ணீரிலிருந்து எடுப்பது 75 கிலோவாட்தான். மீதி 25 மின்சாரம். 6 மணி நேரத்தில் 450 யூனிட் வெப்பம். யூனிட்டுக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ஆவி என்றால் நாளுக்கு 675 லிட்டர் மிச்சம். 100-ஐ அப்படியே பெருக்கிக் காட்டும் கொட்டேஷனைத் திருப்பி அனுப்புங்கள்.

ப்ளோடவுனை டைமரில் விடுவது

ஆவியாக ஆவியாக உப்பு செறியும் டவர் தண்ணீரில் கொஞ்சத்தை வெளியே விடுவதுதான் ப்ளோடவுன். ஆவி குறைந்தது டைமருக்குத் தெரியாது. சிஓசி 4 என்றால், அதாவது டவர் தண்ணீரின் உப்பு மேக்கப் தண்ணீரைப்போல் 4 மடங்கு என்றால், ப்ளோடவுனில் மட்டும் நாளுக்கு இன்னொரு 225 லிட்டர் (675 ÷ 3) வீண். உப்பின் அளவைப் பார்த்துத் திறக்கும் கண்டக்டிவிட்டி கன்ட்ரோலர் போடுங்கள்.

பேட்டரி

வேண்டாம். வெந்நீர் டேங்கே சேமிப்பு. 30 டிகிரித் தண்ணீரை 65-க்கு ஏற்றினால் இந்த மெஷின் 6 மணி நேரத்தில் சுமார் 14,700 லிட்டர் தரும்; இன்சுலேஷன் போட்ட 15 கிலோலிட்டர் டேங்க் போதும். மின்சாரம் 150 யூனிட். ஒரு கிலோவாட் பேனலுக்கு நாளுக்கு 4 யூனிட் என்று வைத்தால் 38 கிலோவாட் பேனல்.

80 டிகிரி கேட்பது

ஏற ஏற சிஓபி சரியும். 65-க்கு மேல் பாய்லர் பார்த்துக்கொள்ளட்டும்.

ஐஸ் பேங்கை இரவில் கட்டுவது

ஐஸ் பேங்க் என்பது குளிர்விக்கத் தேவையான ஐஸைச் சில்லர் முன்கூட்டியே கட்டி வைக்கும் தொட்டி. வெயில் இருக்கும்போது சில்லர் ஓடவில்லை என்றால் ஹீட் பம்ப் எடுக்க வெப்பமே இருக்காது. ஐஸ் கட்டுவதைக் காலை 10 முதல் மாலை 4 வரை மாற்றிவிட்டுத்தான் மெஷின் சைஸைப் பேச வேண்டும்.