சர்க்கரை சென்சார்: எண்ணைப் பார்த்துப் பதறுவோர் செய்யும் தவறுகள்

சர்க்கரை சென்சார் என்று மேற்கையின் பின்புறம் ஒட்டிக்கொள்ளும் அந்த வட்ட வில்லை ரத்தத்தை அளப்பதில்லை. தோலுக்கு அடியில் சில மில்லிமீட்டர் இறங்கியிருக்கும் மெல்லிய இழை, செல்களுக்கு இடையே ஊறியிருக்கும் திரவத்தின் குளுக்கோஸைத்தான் அளக்கிறது. ரத்தத்தில் நேரும் மாற்றம் அங்கே தெரிய 5 முதல் 15 நிமிடம் ஆகும். இதை மறப்பதால் வருபவைதான் பாதித் தவறுகள்.

சாப்பிட்ட அரைமணியில் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, இரண்டு எண்களும் ஒத்துப்போகவில்லை என்று சென்சாரைக் குறை சொல்பவர்கள் உண்டு. சர்க்கரை விறுவிறுவென்று ஏறும்போது ஒத்துப்போகாது. ஒப்பிட வேண்டுமானால் உணவுக்கு முன், சென்சாரின் எண்ணைக் காட்டும் திரையில் அம்புக்குறி கிடையாக, அதாவது சர்க்கரை ஏறாமல் இறங்காமல், இருக்கும்போது ஒப்பிடுங்கள். ஒட்டிய முதல் நாள் எண்கள் சற்று முன்பின்னாகவே இருக்கும்.

இதைவிட மோசமானது தாழ்சர்க்கரையில், அதாவது சர்க்கரை அளவுக்கு மீறிக் குறையும்போது, நடப்பது. திரையில் 62, கை நடுங்குகிறது, 15 கிராம் குளுக்கோஸ் உள்ளே போகிறது. பத்து நிமிடம் கழித்துத் திரை 58 காட்டுகிறது. இன்னும் இரண்டு கரண்டி, கூடவே ஒரு லட்டு. ரத்தத்தில் சர்க்கரை ஏற்கெனவே ஏறத் தொடங்கியிருக்கும். திரைக்குத்தான் செய்தி போய்ச் சேரவில்லை. ஒரு மணி நேரத்தில் 240. கால் மணி நேரம் பொறுத்து விரலில் குத்திப் பார்த்து முடிவெடுங்கள். உடம்பு சொல்வதும் திரை சொல்வதும் முரண்பட்டாலும் அதுவே வழி.

நள்ளிரவில் அலாரம் அலறினால், முதலில் எந்தப் பக்கம் படுத்திருந்தீர்கள் என்று பாருங்கள். சென்சார் மீது உடல் எடை அழுந்தினால் அவ்விடத்துத் திரவ ஓட்டம் குறைந்து, எண் பொய்யாகச் சரியும்.

வைட்டமின் சி மாத்திரையைப் பலர் மருந்தாகவே கணக்கில் எடுப்பதில்லை. சில சென்சார்களில் நாளொன்றுக்கு 500 மில்லிகிராமைத் தாண்டினால் எண் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியலாம். உண்மையான தாழ்சர்க்கரை அதன் பின்னே ஒளிந்துகொள்ளும். பெட்டியில் உள்ள தாளைப் படித்துவிடுங்கள்.

எண்ணெய் தடவிய தோலில் ஒட்டாதீர்கள், நிற்காது.

கடைசியாக, குத்தாமலே சர்க்கரை பார்க்கும் கைக்கடிகாரம், மோதிரம் என்று வரும் விளம்பரங்கள். அப்படித் தோலைத் துளைக்காமல் தானே குளுக்கோஸை அளக்கும் கடிகாரம், மோதிரம் எதற்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அந்த எண்ணை நம்பி இன்சுலின் அளவைக் கூட்டுவது உயிரோடு விளையாடுவது.